கியர் மாற அடம்பிடிக்கும் ஆட்டோமேட்டிக்: பெட்டியைக் கடைசியில் திறங்கள்

ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறத் திணறினால், ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்ற தீர்ப்பு பட்டறையில் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஆனால், கோளாறு எண்ணெயிலோ சென்சாரிலோ வயரிங்கிலோ பேட்டரியிலோகூட இருக்கலாம். செலவு குறைந்த சோதனைகளை முடித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

எந்த வகை?

2014-ல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி, அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஆக்சுவேட்டர் செய்கிறது. கியர் மாறும்போது லேசாக உலுக்குவது அதன் சுபாவம். அதே உலுக்கல் மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளான டார்க் கன்வெர்ட்டரிலோ சிவிடியிலோ வந்தால் கவனிக்க வேண்டும்.

அறிகுறிகள்

‘டி’க்குப் போட்டதும் வண்டி சற்றுத் தாமதித்து, பிறகு ‘டக்’கென்று இழுத்தால் எண்ணெய் அளவையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் முள் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்கக்கூடும். ஒரே கியரில் மாட்டிக்கொண்டால், சேதத்தைத் தவிர்க்க கணினியே வண்டியைக் கட்டுப்படுத்தும் ‘லிம்ப் மோட்’ ஆக இருக்கலாம்.

லீவர் ‘பி’யை விட்டே நகரவில்லையா? பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைட்டும் எரியாவிட்டால் முதல் சந்தேகம் பிரேக் சுவிட்ச், ஃபியூஸ் மீதுதான்.

எண்ணெயும் ஸ்கேனரும்

டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கான எண்ணெய் புதிதில் பெரும்பாலும் சிவப்பு. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கருத்து, கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்து எரிந்திருக்கக்கூடும். பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ புகுந்திருக்கிறது. டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில், குறிப்பிட்ட எண்ணெய் வெப்பநிலையில் அளக்க வேண்டியிருப்பதால் அது பட்டறை வேலை. சிவிடிக்குத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

ஸ்கேனரில் ‘பி0700’ என்ற கோளாறுக் கோடு மட்டும் வந்தால் அது விடையல்ல. கியர்பாக்ஸ் கணினியில் வேறு கோடு பதிவாகியிருக்கிறது என்ற தகவல்தான். அதைத் தேடி எடுக்க வேண்டும். ‘பி0731’ வந்தால் முதல் கியரின் விகிதம் சரியில்லை. ‘பி0741’ வந்தால் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச் பூட்டிக்கொள்ளவில்லை. கோடு கோளாறின் திசையைக் காட்டும்; எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது. சோலினாய்டு, வயரிங், எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். என்ஜின் மிஸ்ஃபயர் ஆனாலும் கியர்பாக்ஸ் உதறுவதுபோலவே தோன்றும்.

லாரிகளில்

கனரக லாரிகளின் ஏஎம்டி பலவற்றில் கிளட்சையும் கியரையும் இயக்குவது காற்றழுத்தம். டேங்கில் காற்று குறைந்தாலோ, குழாயில் கசிந்தாலோ, ஏர் டிரையர் கெட்டு ஈரம் வால்வுகளுக்குப் போனாலோ கியர் விழாது. லாரியில் முதலில் பார்க்க வேண்டியது காற்று மீட்டரைத்தான்.

பட்டறையில் எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: எல்லாக் கோடுகளையும் எழுதித் தரட்டும்; எண்ணெயைக் காட்டட்டும்; பேட்டரி வோல்ட்டேஜை அளக்கட்டும். இவை இல்லாமல் ‘பெட்டியை இறக்கணும்’ என்றால், இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.