மாத்திரை உண்டும் மாறாத சோர்வு

"மருந்து உண்ணத் தொடங்கி ஆறு மாதமாயிற்று. ஆயினும் அசதி தீரவில்லை, முடி உதிர்வது நிற்கவில்லை, உடம்பும் இளைக்கவில்லை." தைராய்டுச் சுரப்புக் குறைவுக்குச் சிகிச்சை பெற்று வரும் தாய்மார் பலர் இவ்வாறு கூறி வருந்துவதை நாம் கேட்டிருக்கிறோம். தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்களிலும் இக்குறை ஒன்றுபோலவே ஒலிக்கிறது.

இவர்கள் படும் துன்பத்தைக் குடும்பத்தார் பெரும்பாலும் உணர்வதில்லை. காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகவே, 'சோம்பல்' என்று பெயர் சூட்டிவிடுகின்றனர். மனம் நொந்த நோயாளியோ மூன்று தவறுகளுள் ஒன்றைச் செய்துவிடுகிறார். மருந்தால் பயனில்லை என்று அதனை நிறுத்திவிடுகிறார். அல்லது தாமாகவே ஒரு மாத்திரையை இரண்டாக்கிக்கொள்கிறார். அல்லது யாரோ விற்கும் பொடியை நம்பிப் பணத்தை இழக்கிறார். இம்மூன்றும் கேடு விளைவிப்பவை. மருந்து உண்டும் தொல்லைகள் நீடிப்பதற்குக் காரணங்கள் உள்ளன. அவற்றுள் பல எளிதில் திருத்தக்கூடியவை.

சுரப்பியின் பணி

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ள சுரப்பி. இது சுரக்கும் தைரொக்சின் என்னும் நீரே உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விரைவாக வேலை செய்ய வேண்டும் என்பதை முறைப்படுத்துகிறது. அது குறையும்போது உடல் முழுவதும் மந்தமடைகிறது. சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முகவீக்கம், மறதி, மனச்சோர்வு, மாதவிலக்கில் மிகுந்த போக்கு ஆகியவை தோன்றுகின்றன. அயோடின் சத்து போதிய அளவு கிடைக்கும் இடங்களில், உடலின் எதிர்ப்பாற்றலே தன் சுரப்பியைத் தாக்கி அழிக்கும் ஒரு நிலைதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். 1912ஆம் ஆண்டில் இதனை விளக்கிய ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயராலேயே அந்நோய் வழங்கப்படுகிறது.

சுரப்பி இழந்ததை வெளியிலிருந்து ஈடுசெய்வதே சிகிச்சை. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், 46 வயது மாது ஒருவருக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். அச்சிகிச்சையைத் தொடர்ந்து பெற்ற அம்மாது மேலும் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். இன்று அதற்கு மாற்றாக லெவோதைரொக்சின் என்னும் சிறு மாத்திரை உள்ளது. மருந்து மாறினாலும் விதி மாறவில்லை: சுரப்பி மீளாதவரை மருந்தையும் விடக்கூடாது.

பொறுமை வேண்டும்

இம்மருந்து தலைவலி மாத்திரையைப் போன்றதன்று. உடலில் சேர்ந்த மருந்தில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். ஆதலால், அளவை மாற்றினால் அதன் முழுப் பயன் தெரிய 6 வாரமாவது வேண்டும். டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்யச் சொல்வது இதனாலேயே. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைரொக்சின் குறைந்தால் டி.எஸ்.எச். என்னும் தூண்டுநீரை மிகுதியாகச் சுரக்கும், போதுமானால் குறைத்துக்கொள்ளும். அதன் அளவு பொதுவாக 0.4 முதல் 4 வரை இருத்தல் நலம். ஆய்வுக்கூடத்திற்கேற்ப இவ்வெல்லை சிறிது மாறலாம்.

சுரப்பி முற்றும் செயலிழந்தவருக்குக் கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் மருந்து தேவைப்படும். அதாவது, 60 கிலோ எடையுள்ளவருக்கு 100 மைக்ரோகிராம் அளவில். முதியோருக்கும் இதய நோயாளருக்கும் 25 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். இவர்களுக்குக் குணம் தெரியத் தாமதமாவது இயல்பே. சோர்வு முதலில் நீங்கும். தோலும் முடியும் சீர்பெறப் பல மாதங்கள் செல்லும்.

தேநீரும் மாத்திரையும்

விடியுமுன் எழுந்து, பால் கலந்த தேநீருடன் மாத்திரையையும் விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவது நம்மவர் வழக்கம். பிழை நேர்வது இங்கேதான். பாலிலுள்ள சுண்ணச் சத்தும், காப்பியும், சோயாப் பாலும் மருந்து குடலில் ஏறுவதைத் தடுக்கின்றன. ஆகவே, வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீருடன் மாத்திரையை உண்டு, குறைந்தது அரை மணி நேரமும், கூடுமானால் ஒரு மணி நேரமும் கழித்தே பசியாற வேண்டும்.

விடியற்காலையில் அவ்வளவு நேரம் கிடைக்காதவர் என்ன செய்வது? இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் சென்றபின், படுக்கப் போகும்போது உண்ணலாம். எந்த வேளையாயினும் நாள்தோறும் அதே வேளையாக இருத்தல் வேண்டும். வேளையை மாற்றுமுன் மருத்துவரிடம் ஒரு சொல் சொல்லிவிடுவது நன்று.

இரத்தச் சோகைக்குரிய இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து ஆகியவற்றைத் தைராய்டு மருந்திலிருந்து 4 மணி நேரம் தள்ளியே உட்கொள்ள வேண்டும். மருந்தை அடுப்பங்கரையிலோ, வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் கூடையிலோ வைக்கலாகாது. சூடும் ஈரமும் அதன் வீரியத்தைக் கெடுக்கும். முடிக்கும் நகத்திற்கும் என்று விற்கப்படும் பயோட்டின் சத்து மாத்திரை, பரிசோதனை முடிவையே பிழையாகக் காட்டிவிடக்கூடும். அதனை உண்போர் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

அளவு சரியாயினும் அசதி ஏன்?

மருந்தை முறையாக உண்டு, டி.எஸ்.எச். அளவும் சீரான பின்னரும், நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை சோர்வும் மந்தமும் தொடர்வதாகக் கூறுகின்றனர். இது கற்பனையன்று. ஆனால், எல்லாப் பழியையும் தைராய்டின் மேல் சுமத்திவிடுவதும் சரியன்று. இரத்தச் சோகை, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, நீரிழிவு, மாதவிலக்கு நிற்கும் பருவம், மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் இதே அறிகுறிகளைத் தரவல்லது. இரவில் உரத்த குறட்டையும், இடையிடையே மூச்சுத் தடைபடுதலும் உள்ளவர், எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் களைப்புடனேயே எழுவார். எதிர்ப்பாற்றல் ஒரு சுரப்பியைத் தாக்கியிருந்தால், வேறு உறுப்புகளையும் தாக்கக்கூடும். "இவற்றையும் பார்க்க வேண்டுமா?" என்று மருத்துவரைக் கேட்பது நோயாளியின் உரிமை.

உடல் எடையைப் பற்றியும் ஒரு சொல். இந்நோயால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோ மட்டுமே. அதிலும் மிகுதி உப்பும் நீருமே. அதற்கு மேற்பட்ட எடை மாத்திரையால் கரையாது. சோற்றையும் இனிப்புத் தேநீரையும் குறைத்து, காய்கறிகளைக் கூட்டி, நாள்தோறும் சிறிது தூரம் நடப்பதே வழி. அது மலச்சிக்கலுக்கும் மருந்தாகும். வறண்ட தோலுக்குக் குளித்தவுடன் தேங்காயெண்ணெய் தடவலாம். பளுவான வீட்டு வேலைகளைக் குடும்பத்தார் பகிர்ந்துகொள்வது மிகச் சிறந்த உதவி.

டி3 என்னும் மற்றொரு தைராய்டு மருந்தையும் சேர்த்து உண்டால் சிலருக்கு நலமாக இருப்பதாகக் கூறுவர். ஆய்வுகள் அதனை உறுதியாக மெய்ப்பிக்கவில்லை. சிறப்பு மருத்துவரின் மேற்பார்வையில் அன்றி அதனை நாடுதல் கூடாது.

மிகினும் கேடு

மருந்தின் அளவு மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உறக்கம் கெடும். நாட்பட்டால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு வலுவிழக்கும். மாறாக, மருந்தை அறவே விட்டவருக்கு உடல் சில்லிட்டு, மூச்சு மந்தித்து, நினைவு தடுமாறும் ஆபத்து நேரலாம். அந்நிலையிலும், நெஞ்சுவலி தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

'சர்வரோக நிவாரணி' என்று விற்கப்படும் பொடிகளில் வீரியமான ஸ்டீராய்டு மருந்துகள் கலந்திருக்கக் கண்டதுண்டு. முதலில் தெம்பு வருவதுபோல் தோன்றும். பின்னர் அட்ரினல் சுரப்பியும் சோர்ந்துவிடும். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் மேல் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததைத் தொடாதீர்கள்.

கருவுற்ற தாய்மார் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொக்சின் இன்றியமையாதது. கருவுற்றிருக்கும்போது மருந்தின் தேவை நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை உயர்வதுண்டு. 'வயிற்றில் பிள்ளைக்கு ஆகாது' என்று அஞ்சி மருந்தை நிறுத்துவதுதான் பிள்ளைக்கு உண்மையிலேயே ஆகாதது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம்

கிளினிக்கிற்குச் செல்லும்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுசெல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, உண்ணும் வேளை, உடன் உண்ட பானம், தவறவிட்ட நாட்கள், வேறு மாத்திரைகள், எந்தத் தொல்லை எப்போது மிகுகிறது என்பன அதில் இருக்கட்டும். எழுத இயலாதவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதித் தரட்டும். "இன்னும் ஒரு மாதிரியாக இருக்கிறது" என்பதைவிட, "தேநீருடன் உண்டு வந்தேன்" என்னும் ஒரே வரி மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும்.

சோர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று ஒதுக்குவது நம் இல்லங்களில் இனி வேண்டாம். அவர் காலையில் மாத்திரை உண்டாரா என்று அன்புடன் கேட்போம். அவர் பசியாறும் வரை தேநீரைச் சற்றுப் பொறுத்தே கொடுப்போம். நோயாளியும், குடும்பத்தாரும், மருத்துவரும் ஒன்றுபட்டால், பலருடைய நீண்ட நாளைய சோர்வுக்கு ஒரு முடிவு காணலாம்.