வழிப்பறி செய்யும் எலெக்ட்ரான்கள்

அணுக்கரு இணைவைப் பற்றிய பாடம் முடிந்தவுடன், கூர்மையான மாணவர் எவரேனும் ஒருவர் தவறாமல் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. "இரண்டு அணுக்கருக்கள் ஒன்றுசேர, அவை மிக வேகமாக மோதவேண்டும், அவ்வளவுதானே? அதற்காகப் பொருளைக் கோடிக்கணக்கான டிகிரிக்கு ஏன் சூடாக்க வேண்டும் ஐயா? ஓர் அணுக்கருவை முடுக்கியில் வேகப்படுத்தி இன்னொன்றின்மீது செலுத்திவிடலாமே?"

நல்ல கேள்விதான். செலுத்தியும் பார்த்திருக்கிறார்கள். 1934ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஒலிஃபண்ட், ஹார்ட்டெக், ரூதர்ஃபோர்டு ஆகிய மூவரும் கன ஹைட்ரஜனின் அணுக்கருவாகிய டியூட்டிரானை முடுக்கி, டியூட்டிரியம் அடங்கிய பொருளின்மீது மோதச் செய்தனர். அணுக்கருக்கள் இணைந்தன, டிரிட்டியம் என்னும் மும்மடங்கு நிறையுள்ள ஹைட்ரஜனும் அப்போதுதான் கண்டறியப்பட்டது. அப்படியானால் இந்த முறையில் மின்சாரம் எடுக்க இயலாதது ஏன்? ஒரு சிறு வரவு செலவுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இணைவதற்கு எளிதான இணை டியூட்டிரியமும் டிரிட்டியமும் ஆகும். டியூட்டிரான் ஒன்று ஏறத்தாழ 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் டிரிட்டியத்தை மோதும்போது இணைவுக்கான வாய்ப்பு மிக அதிகம். இணைந்தால் வெளிப்படுவது 17,600 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். போட்ட முதலைப்போல் 176 மடங்கு! எனவே, செலுத்தும் டியூட்டிரான்களில் 176க்கு ஒன்று இணைந்தாலே முதல் திரும்பிவிடும். ஆனால் குளிர்ந்த, தூய டிரிட்டியத்தின்மீது செலுத்தினால் இணைபவை இலட்சத்துக்குச் சுமார் மூன்றுதான். 100 ரூபாய் போட்டவனுக்கு 50 காசு கிடைத்த கதைதான் இது. மீதி எங்கே போயிற்று?

எலெக்ட்ரான்கள் பறித்துக்கொண்டன. டியூட்டிரான் மின்னேற்றம் உடையது. ஆகவே அது எதையும் நேராக மோத வேண்டியதில்லை. அருகில் சென்றாலே போதும், மின்விசை வேலை செய்யும். டிரிட்டியத்தின் அணுக்கருவும் எலெக்ட்ரானும் ஒரே அளவு மின்னேற்றம் கொண்டவை. எனவே ஒரே தொலைவில் கடந்து செல்லும் டியூட்டிரான் இரண்டுக்கும் ஒரே அளவு உந்தத்தையே தருகிறது. ஆனால் உந்தத்தின் வர்க்கத்தை நிறையின் இருமடங்கால் வகுத்தால் வருவதே இயக்க ஆற்றல் என்பதைப் படித்திருப்பீர்கள். ஆட்டுக்கல்லையும் கேரம் காயையும் ஒரே மாதிரி சுண்டினால் எது ஓடும்? டிரிட்டியத்தின் கருவைவிட எலெக்ட்ரான் ஏறத்தாழ 5,500 மடங்கு இலேசானது; அது பெறும் ஆற்றலும் அத்தனை மடங்கு அதிகம். ஒவ்வொரு எலெக்ட்ரானும் எடுப்பது சொற்பமே. எனினும் வழிநெடுகக் கைநீட்டுபவர்கள் கணக்கற்றவர்கள். கருவைக் கண்டு இணைவதற்குள் டியூட்டிரானின் மடி காலியாகிவிடுகிறது.

இதில் வேகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் டியூட்டிரானின் வேகம் விநாடிக்குச் சுமார் 3,100 கிலோமீட்டர். ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானின் வேகமோ விநாடிக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒத்த வேகத்தில் செல்லும்போதுதான் தடை உச்சத்தில் இருக்கும். இணைவுக்கு ஏற்ற வேகமும் பறிகொடுப்பதற்கு ஏற்ற வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டது நம் துரதிர்ஷ்டமே!

டியூட்டிரானின் வேகத்தை மாற்றினால் இணைவு வாய்ப்புக் குறையும். எலெக்ட்ரானின் வேகத்தை மாற்றினால் என்ன? இங்கேதான் பிளாஸ்மா வருகிறது. டிரிட்டியத்தை 5.8 கோடி டிகிரிக்குச் சூடாக்கினால் எலெக்ட்ரான்கள் கருக்களை விட்டுப் பிரிந்து, விநாடிக்கு 50,000 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பறக்கும். அவற்றுக்கு நடுவே டியூட்டிரான் நத்தைபோல் ஊர்கிறது. ஓர் எலெக்ட்ரான் அதன் அருகில் இருக்கும் நேரம் மிகமிகக் குறைவு. முன்னிருந்து வருவது தடுக்க, பின்னிருந்து வருவது தள்ள, இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடுகின்றன. கணக்கிட்டால், எலெக்ட்ரான் வெப்பநிலை நான்கு மடங்கானால் தடை எட்டில் ஒரு பங்காகக் குறையும். இந்த 5.8 கோடி டிகிரியில், டியூட்டிரானின் ஆற்றல் 70 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் குறைந்தபின் எலெக்ட்ரான்களைவிடப் பிளாஸ்மாவின் கருக்களே அதிக ஆற்றலைப் பெறுகின்றன. அது வீணன்று, எரிபொருளே சூடாகிறது.

இவ்வாறு சூடான டிரிட்டியம் பிளாஸ்மாவில் டியூட்டிரான் கற்றையைச் செலுத்திப் போட்ட ஆற்றலை மீட்கலாம் என்று அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டாசன், ஃபர்த், டென்னி ஆகியோர் 1971இல் கணக்கிட்டுக் காட்டினர்.

பிளாஸ்மாவைக் காந்தப்புலம் காவல் காக்கிறது. மின்னேற்றமுள்ள கற்றையை அது உள்ளே விடாமல் வளைத்துத் திருப்பிவிடும். ஆகவே அயனிகளை முதலில் முடுக்கி, பின்பு ஒரு வாயுவின் வழியே செலுத்துகிறார்கள். அங்கே எலெக்ட்ரானைப் பெற்று அவை நடுநிலை அணுக்களாகிக் காந்தப்புலத்தைக் கவலையின்றிக் கடக்கின்றன. உள்ளே சென்றதும் பிளாஸ்மா அவற்றின் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். மீண்டும் அயனியாகிச் சிறைப்படும். மாறுவேடத்தில் கோட்டைக்குள் நுழையும் இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

1994இல் பிரின்ஸ்டனில் டி.எஃப்.டி.ஆர். என்னும் டோக்கமாக் பொறி, சுமார் 40 மெகாவாட் கற்றையைச் செலுத்தி 10.7 மெகாவாட் இணைவுத் திறனை எட்டியது. இங்கிலாந்தின் ஜெட் பொறி 2021இல், டிரிட்டியம் மிகுந்த பிளாஸ்மாவில் டியூட்டிரியக் கற்றையைச் செலுத்தி, ஐந்து விநாடிகளில் 59 மெகாஜூல் வெளியிட்டது. இரண்டிலும் கற்றைத் துகள்கள் நேரடியாக இணைந்ததன் பங்கு கணிசமானது. 50 காசு 25 ரூபாயாகவும் அதற்கு மேலாகவும் உயர்ந்தது எனலாம். ஆயினும் முதல் திரும்பவில்லை. எலெக்ட்ரான்களை எவ்வளவு சூடாக்கினாலும் கருக்களின் தடை நீங்காதாதலால், கற்றையை மட்டும் நம்பினால் சில மடங்குக்குமேல் இலாபம் வராது. கற்றையை உண்டாக்கவே மின்சாரம் வேண்டுமே!

எனவே மின் நிலையத்துக்குப் பிளாஸ்மா தானே எரிய வேண்டும். இணைவில் பிறக்கும் நியூட்ரான் 14.1 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுடன் வெளியே ஓடிவிடும். அதற்கு மின்னேற்றம் இல்லை, தடையும் இல்லை. மீதி 3.5 மில்லியனைச் சுமக்கும் ஹீலியம் கருவுக்கு மின்னேற்றம் உண்டு. அதன் ஆற்றலில் பெரும்பகுதியை எலெக்ட்ரான்கள் பறித்து, கருக்களுடன் பகிர்ந்துகொள்கின்றன. பிளாஸ்மா சூடு தணியாதிருப்பது அந்தப் பறிப்பினால்தான்.

பிரான்சில் கட்டப்பட்டு வரும் ஈட்டர் பொறி இந்த வழியையே நம்புகிறது. அதில் செலுத்தவிருக்கும் டியூட்டிரியக் கற்றையின் ஆற்றல் 1,000 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், அதாவது இணைவுக்கு உகந்ததைப்போல் பத்து மடங்கு. நேரடியாக இணைவது இங்கே அதன் முதல் வேலையன்று. பெரிய பிளாஸ்மாவின் நடுப்பகுதி வரை ஊடுருவிச் சென்று, அங்கே எலெக்ட்ரான்களிடம் பறிகொடுப்பதற்காகவே அதற்கு அத்தனை வேகம்.