மலையேறும் காரும் மாற்றவே வேண்டாத எண்ணெயும்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து தாப்பாவுக்கு நெடுஞ்சாலையில் வருவதும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். காரின் ஓட்டமானி இரண்டையும் ஒன்றாகவே எழுதிவைக்கும். ஆனால் முதல் பயணத்தில் கார் சுமார் 1,300 மீட்டர் உயரம் ஏறியிருக்கிறது. ரிங்லெட்டைத் தாண்டியதும் விடுமுறை நாளின் நெரிசலில் ஊர்ந்திருக்கிறது. பிரிஞ்சாங்கையும் தாண்டிச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினால் ஒற்றைத் தடமாய் வளையும் பாதையில் நின்று நின்று போயிருக்கிறது. ஆட்டோ கியர் எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதை ஓட்டமானியைப் பார்த்து முடிவு செய்வது, கேமரன் மலையில் வாழ்பவர்களுக்குத் தவறான வழி. அந்த எண்ணெயின் வயதைத் தீர்மானிப்பது அது தாங்கிய வெப்பம். அதனால் சமவெளிக்காரர்களை விடச் சீக்கிரம் அதை மாற்ற வேண்டியிருக்கிறது. சில நிபந்தனைகளோடு அதை வீட்டிலேயே செய்துகொள்வதும் அறிவுக்கு ஒத்த காரியமே.

வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்டோ கியர் காரில் இன்ஜினையும் கியர்பெட்டியையும் இணைப்பது டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்காக உருவாக்கிய கருத்து இது. இன்ஜினோடு சுழலும் சக்கரம் எண்ணெயை வீசி அடிக்க, அந்த வீச்சில் எதிரே இருக்கும் சக்கரம் சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. அந்த வேக வித்தியாசத்தால் வீணாகும் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடுவதால் இந்த இழப்பு நின்றுவிடும். மலை வளைவுகளில் பூட்டு விழுந்த மறுகணமே விலக வேண்டியிருக்கிறது. குடும்பத்தோடு 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,300 மீட்டர் ஏறுவதற்கு மட்டும் சுமார் 16.5 மெகாஜூல் ஆற்றல் தேவை. கன்வெர்ட்டர் வழியே வருவதில் பத்தில் ஒரு பங்கு வழுக்கலில் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 1.8 மெகாஜூல் எண்ணெயில் இறங்குகிறது. ஐந்து லிட்டர் எண்ணெயிடமிருந்து இந்த வெப்பத்தை யாரும் வாங்கிக்கொள்ளாவிட்டால், அதன் வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். உலோக உறையும் ரேடியேட்டரை ஒட்டிய குளிர்விப்பானும் வாங்கிக்கொள்கின்றன என்பதால்தான் கார் மேலே போய்ச் சேருகிறது. ஆனாலும் ஒவ்வோர் ஏற்றத்திலும் எண்ணெய் தன் வழக்கமான சூட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறது.

அந்தக் கொஞ்ச நேரம்தான் கணக்கில் வரவேண்டியது. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய தோராய விதி. எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் அப்படிப்பட்ட வினைதான். 80, 90 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் எண்ணெய் 120 டிகிரியில் பல மடங்கு வேகமாக மூப்படைகிறது. அப்போது அமிலமும் பிசினும் உண்டாகின்றன. மயிரிழை இடைவெளியில் நகரும் வால்வுகளில் பிசின் படிந்தால், கியர் மாறும்போது இடிக்கும், தாமதிக்கும். இந்த எண்ணெய்க்கு மசகு வேலை மட்டும் இல்லை. அதுவே வால்வுகளைத் தள்ளும் திரவம், அதுவே குளிர்விக்கும் திரவம், காகித நார்களால் ஆன கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கிப் பிறகு எவ்வளவு இறுகப் பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதும் அதுவே. அந்தப் பிடிமானத்தைச் சரியாக அமைக்க, 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்துவந்தார்கள். திமிங்கில வேட்டைப் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு அதற்கு மாற்று தேட வேண்டியதாயிற்று. அவ்வளவு நுட்பமாகக் கூட்டிய கலவையில், பிடிமானத்துக்கான சேர்மானங்களும் வெப்பத்தில் தீர்ந்துபோகின்றன.

மலையில் குளிர் அடிக்கிறதே, எண்ணெய் எப்படிச் சுடும் என்று கேட்கலாம். தானா ராத்தாவின் காற்று தாப்பாவை விடச் சுமார் பத்து டிகிரி குளிர்ச்சியானது என்பது உண்மை. அதே உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்பதும் உண்மை. ரேடியேட்டரிலிருந்து வெப்பத்தை அள்ளிச் செல்ல அங்கே காற்று குறைவு. டர்போ இல்லாத இன்ஜினும் அதே அளவுக்குச் சக்தி இழப்பதால் ஓட்டுநர் கூடுதலாக மிதிக்கிறார், கியர் இறங்குகிறது, வழுக்கல் கூடுகிறது. ஊர்ந்து போகும் நெரிசலில் வீசும் காற்றும் இல்லை. குளிர் காலையில் உதவுகிறது. ஏற்றத்தில் அதன் உதவி சொற்பம்.

இதைவிடக் கனமான எதிர்வாதம், இந்த எண்ணெய் வண்டியின் ஆயுளுக்கும் போதும் என்று கார் தயாரிப்பாளர்கள் சிலரே சொல்வது. ஆனால் கியர்பெட்டிகளைச் செய்து பல கார் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் ஜெர்மானிய நிறுவனமான இசட்எஃப், தன் பெட்டிகளில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவரின் சொல்லுக்கே நான் எடை கொடுப்பேன். பல கார்களின் கையேட்டிலும் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு தனி அட்டவணை இருக்கிறது. மலைப்பாதையும் நெரிசலும் அதில்தான் வருகின்றன. கேமரன் மலைக்காரருக்கு அதுவே உரிய அட்டவணை.

பழைய கியர்பெட்டியில் எண்ணெயை மாற்றினால் கியர் வழுக்கும் என்ற அச்சமும் பட்டறைகளில் பரவலாக உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. தேய்ந்த தட்டுகளின் துகள்கள் பழைய எண்ணெயில் மிதந்து பிடிமானத்துக்கு உதவுவதும், புதிய எண்ணெய் பழைய படிவுகளைக் கரைத்து வால்வுகளுக்குள் அனுப்புவதும் நடக்கக்கூடியவை. ஆனால் பெரும்பாலும் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணெயை மாற்ற நினைக்கிறார்கள்; சாகும் தறுவாயில் கொடுத்த மருந்தின்மேல் பழி விழுகிறது. ஏற்கெனவே வழுக்கும் பெட்டியை, அல்லது எண்ணெயில் கருகிய வாடை அடிக்கும் பெட்டியை வீட்டில் தொடவே கூடாது. நல்ல நிலையில் உள்ளதற்கு இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை விட, அடைப்பானைத் திறந்து வடியவிட்டு, வடிந்த அளவே ஊற்றுவது மென்மையானது. கன்வெர்ட்டருக்குள் இருப்பது வடியாது என்பதால் ஒரு முறையில் சுமார் 40 விழுக்காடே மாறும். சில வார இடைவெளியில் மறுபடி செய்தால் 64 விழுக்காடு புதிதாகும், மூன்றாம் முறை 78. படிப்படியாக மாறுவது பழைய பெட்டிக்கு நல்லதே.

வீட்டில் செய்பவர் கவனிக்க வேண்டியது சமதளம். தோட்டத்துச் சாலையோரத்தில் கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடம் ஐந்து டிகிரி சரிந்திருக்கும். அந்தச் சரிவில் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள எண்ணெய்த் தட்டின் இரு முனைகளுக்கும் இடையே மட்டம் இரண்டரை சென்டிமீட்டர் மாறிவிடும். மட்டம் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும்; கூடினால் சுழலும் பாகங்கள் எண்ணெயை நுரையாக்கும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குவதும் இதனால்தான் ஆகாது. நான்கு தாங்கிகளில் கார் சமமாக நிற்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. சூடும் அளவை மாற்றும்: 16 டிகிரி காலைக் குளிரிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஆறு லிட்டர் எண்ணெய் கால் லிட்டருக்கு மேல் விரிகிறது. அளவுக்கம்பி இல்லாத பல பெட்டிகளில் 40 டிகிரியை ஒட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். அளவுக்கம்பி உள்ளவற்றில் பலவற்றை இன்ஜின் ஓடும்போதும், ஹோண்டாவில் நிறுத்திய சற்று நேரத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். ஊற்றும் அடைப்பான் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் அடைப்பானைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் இல்லாத கார் மலைமேல் நின்றுவிடும்.

எந்த எண்ணெய் என்பதைக் காரின் பெயரை வைத்து வாங்கக் கூடாது. 2016இல் வந்த புரோட்டோன் சாகாவின் ஆட்டோ வகையில் இருப்பது, பட்டையால் ஓடும் சிவிடி பெட்டி. 2019இல் அதே சாகாவுக்கு நான்கு கியர் கொண்ட சாதாரண ஆட்டோ பெட்டி வந்தது. பெரோடுவா மைவி இதற்கு எதிர்த்திசையில் போய் 2021இல் சிவிடிக்கு மாறியது. சிவிடியில் கப்பிகள் உலோகப் பட்டையைக் கவ்விப் பிடித்து ஓட்டுகின்றன. சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் அந்தப் பிடி நழுவிப் பட்டையே அழியும்.

வடித்த எண்ணெய் எங்கே போகிறது என்பதற்கும் பொறுப்பு மாற்றியவருடையதுதான். தேயிலைச் சரிவில் கால்வாயில் ஊற்றியது அடுத்த மழையில் பெர்த்தாம் ஆற்றுக்கும் ரிங்லெட் ஏரிக்கும் இறங்கும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகள் பயன்படுத்திய ஹைட்ராலிக் எண்ணெயையும் மசகு எண்ணெயையும் பட்டியலிட்ட கழிவுகளில் சேர்த்திருக்கின்றன. மூடியுள்ள கலனில், குளிர்விப்பு நீரோ மண்ணெண்ணெயோ கலக்காமல் வைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். வேறு திரவம் கலந்தால் அதை மீட்டெடுப்பது கடினமாகிவிடுகிறது.