ஒன்றுக்கு இரண்டு தட்டுகள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் மூன்றாண்டு மதிப்பெண் பட்டியல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலை பொத்தானை அழுத்துகிறீர்கள். 'கடக், கடக்' என்ற ஓசை மட்டும் வருகிறது. வன்தட்டு பழுதாகிவிட்டது! பட்டியல்கள் போனது போனதுதானா?

வன்தட்டு ஏன் பழுதாகிறது? அதனுள் காந்தப் பூச்சுள்ள தட்டு ஒன்று நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அதன் மேல் படிப்புமுனை ஒன்று, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நமது தலைமயிரின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர்! இவ்வளவு நெருக்கத்தில் ஓடும் பொறி என்றாவது ஒருநாள் நின்றுவிடுவதில் வியப்பில்லை அல்லவா?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டுகளைப் பொருத்தி, எழுதுவதையெல்லாம் இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதச் செய்வதே அது. இதற்குப் 'பிரதிபலிப்பு முறை' என்று பெயர். 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் பல தட்டுகளைச் சேர்த்து ஆளும் வழிகளை வரிசைப்படுத்தி, 'ரெய்டு' என்று பெயரிட்டனர். அவ்வரிசையில் முதல் படி இந்தப் பிரதிபலிப்பு முறைதான்.

நீங்களே செய்து பாருங்கள்

சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' போன்ற லினக்ஸ் வகைக் கணிப்பொறி ஒன்றும், காலியான பென்டிரைவ் இரண்டும் போதும். கணிப்பொறி ஆசிரியர் உடனிருக்கட்டும். முதலில் எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைத் தட்டச்சு செய்து, பென்டிரைவ்களின் பெயர்களை அறியுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி என்பவை அவற்றின் பெயர்களாக இருக்கலாம். பெயர் மாறினால் வேறொரு தட்டு அழிந்துவிடும். எனவே இருமுறை சரிபாருங்கள்.

அடுத்து, எம், டி, ஏ, டி, எம் என்ற எழுத்துகளால் ஆன நிரலை அழைக்க வேண்டும். அதனிடம் நான்கு செய்திகளைச் சொல்கிறோம்: புதிதாக உருவாக்கு, படி 1, உறுப்புகள் 2, அவற்றின் பெயர்கள் இவை. நான்கும் ஒரே வரியில் அடங்கும். இனி இரண்டு பென்டிரைவ்களும் கணிப்பொறிக்கு ஒரே தட்டாகத் தோன்றும். அதில் கோப்பு அமைப்பை ஏற்படுத்தி, ஒரு பாடலைப் பதியுங்கள்.

நிலையைக் கேட்டால் 'யூயூ' என்று திரையில் வரும். இரண்டும் நலம் என்பது பொருள். பாடல் ஒலிக்கும்போதே ஒன்றைப் பிடுங்கிவிடுங்கள். பாடல் நிற்காது! இப்போது ஒரு 'யூ' மறைந்து, அவ்விடத்தில் சிறு கோடு நிற்கும். புதிய பென்டிரைவ் ஒன்றைச் சேர்த்தால், முழுவதும் அதில் மீண்டும் நகலாகும். நொடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் 16 கிகாபைட் நகலாக ஏறத்தாழ 27 நிமிடம் ஆகும்.

கணக்கு சொல்வது என்ன?

ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் நிகழ்தகவு நூறில் ஒன்று எனக் கொள்வோம். இரண்டும் அதே ஆண்டில் பழுதாவது பத்தாயிரத்தில் ஒன்று. ஆனால் இந்தப் பெருக்கல் எப்போது செல்லும்? இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகளாக இருந்தால் மட்டுமே. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தட்டுகளை ஒரே மின்னல் தாக்கலாம். ஒரே தீ எரிக்கலாம்.

விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டி வட்டார மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள பட்டாசு ஆலைகளைப் பாருங்கள். நூற்பாலை போல ஒரே பெரிய கட்டடமாக இல்லாமல், சிறுசிறு அறைகளாக, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டிருக்கும். மருந்து கலக்கும் அறையில் விபத்து நேர்ந்தாலும் அடுத்த அறைக்குத் தீ தாவக்கூடாது என்பதே நோக்கம். இந்த இடைவெளியைக் காக்காத இடங்களில் எத்தனை குடும்பங்கள் துயருற்றன என்பதை அவ்வூர்கள் அறியும். இரண்டு விபத்துகளைச் சார்பற்றவையாக்குவது தூரமே!

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில், அரசின் தகவல் மையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த, 858 டெராபைட் தகவல் கொண்ட கிடங்கு அழிந்தது. வேறு ஊரில் அதற்கு நகல் இல்லை. ஒரே கூரையின் கீழ் எத்தனை தட்டுகள் இருந்தாலும் என்ன பயன்?

இன்னொரு குறையும் உண்டு. கண்ணாடி முன் நின்று நெற்றிப் பொட்டை அழித்தால், பிம்பத்திலும் பொட்டு அழியும். அதுபோல, நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை நீக்கினால் அது இரண்டு தட்டுகளிலும் நீங்கிவிடும். ஆகவே பிரதிபலிப்பு முறை தட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். கைத்தவறிலிருந்தும் தீயிலிருந்தும் காக்க, அவ்வப்போது எடுத்த நகல் ஒன்று வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

இப்போது சிந்தியுங்கள்: உங்கள் பள்ளியின் மதிப்பெண் பட்டியலுக்கு நகல் இருக்கிறதா? இருந்தால், அது அதே அலமாரியில்தான் இருக்கிறதா?