சோதிப்பவரே சோதிக்கப்பட்டால்?

தீர்த்தமலைப் படிகளில் ஏறும்போது நம் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. உடல் உழைக்கும்போது அதனுள் நிகழும் மாற்றங்களை ஆராய்வதே உடற்பயிற்சி அறிவியலாகும். கல்லையும் செடியையும் ஆராய்பவர் அவற்றிலிருந்து வேறுபட்டவர். இங்கோ ஆராய்பவருக்கும் உடல் உண்டு. அவர் தம்மையே சோதித்துக்கொள்ளலாமா?

இங்கிலாந்து அறிஞர் ஏ. வி. ஹில் அவ்வாறே செய்தார். 1920-களின் தொடக்கத்தில், முதுகில் பையொன்றைக் கட்டிக்கொண்டு புல்தரையில் ஓடி, தாம் வெளிவிட்ட மூச்சை அதில் சேர்த்து அளந்தார். எவ்வளவு விரைந்து ஓடினாலும், உடல் ஏற்கும் ஆக்சிஜன் ஓர் எல்லைக்கு மேல் உயர்வதில்லை எனக் கண்டார். அவருக்கு அவ்வெல்லை நிமிடத்திற்குச் சுமார் 4 லிட்டர்.

1957-இல் இந்தியாவில் குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேனும் இத்தகையவரே. நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களைக் காக்க வழி தேடி, அழுத்த அறைக்குள் தாமே புகுந்தார். வலிப்பு வந்து முதுகெலும்பில் அடிபட்டது. பிறருக்கு நேரக்கூடிய துன்பத்தைத் தாம் முதலில் ஏற்ற அவரது துணிவு போற்றத்தக்கது.

ஆயினும், தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஹார்வர்டு படிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்திற்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்கியபின், உட்கார்ந்து நாடித்துடிப்பை எண்ண வேண்டும். ஏறியவரே எண்ணினால் களைப்பு கணக்கைக் குழப்பும். நல்ல எண் வரவேண்டும் என்ற ஆசையும் குறுக்கிடும். மேலும், ஓடிப் பழகிய ஒருவரின் அளவு, ஊரிலிருந்து பள்ளிக்கு நடந்தே வரும் சிறுமிக்குப் பொருந்துமா? ஆகவே ஒருவர் ஏற, மற்றவர் எண்ணுவதும், பலரைச் சோதித்துப் பார்ப்பதுமே முறை.

இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஆசிரியையே ஆய்வாளராக இருந்தால், தலைசுற்றும் மாணவிக்கு “என்னால் முடியவில்லை” என்று சொல்ல நா எழுமா? மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சமாட்டாளா? பங்கேற்பவர் தம்மால் தொடர முடியாது எனத் தோன்றும்போது விலகலாம் என்று 1947-ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிகள் கூறுகின்றன. சிறுவர்களை ஆராயும்போது பெற்றோரின் சம்மதத்தோடு சிறுவரின் இசைவையும் பெறவேண்டும் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன.

தம்மைச் சோதிப்பவர் தமக்காகத் துணியலாம். பிறருக்காகத் துணிய அவருக்கு உரிமையில்லை. நாளை நம்மில் சிலர் மருத்துவராகவோ உடற்பயிற்சி ஆசிரியையாகவோ ஆகலாம். அன்று நம் முன் நிற்பவர் வெறும் எண்ணல்லர், நம்மைப் போன்ற ஓர் உயிர் என்பதை மறவாதிருப்போமாக!