காலைப் பால் ஊற்றிவிட்டுக் கிளம்பலாம்: குடும்பத்தோடு பார்க்க நம்ம பக்கத்து மியூசியங்கள்

மரவள்ளியில் மாவுப்பூச்சி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப் போச்சு என்று வரும் கேள்விகளுக்கு நடுவே, ராசிபுரம் பக்கத்து வாசகி ஒருவர் வேறு மாதிரி கேட்டிருந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. தீம் பார்க் போனால் நாலு பேருக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. வீட்டில் கறவை மாடு இரண்டு நிற்கிறது, வெளியூரில் தங்க முடியாது. மாமியாரையும் கூட்டிப் போக வேண்டும், பிள்ளைகளும் ஏதாவது தெரிந்துகொண்டு வர வேண்டும், இதற்கு ஏற்ற இடம் எது என்பது அவர் கேள்வி.

கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் அடங்காது என்பதால் தனியாக எழுதுகிறோம். எங்கள் பதில், மியூசியம்.

முகம் சுளிக்க வேண்டாம். மியூசியம் என்றால் தூசி படிந்த கண்ணாடிப் பெட்டி, பஞ்சு அடைத்த புலி என்றுதான் பலருக்கும் நினைப்பு. சென்னை எழும்பூர் மியூசியத்தை அந்தக் காலத்துச் சனங்கள் 'செத்த காலேஜ்' என்றே சொன்னார்கள். மிருகக்காட்சி சாலைக்குப் பெயர் 'உயிர் காலேஜ்'. ஆனால் விவசாயக் குடும்பம் போய்ப் பார்க்கும்போது அங்கே இருக்கிற பாதிப் பொருள் செத்ததாகத் தெரியாது. மாடு, ஏரி, பூச்சி, ஆற்றுமணல் என்று நம் வீட்டுச் சமாச்சாரமாகவே இருக்கும். பட்டணத்துப் பிள்ளைகள் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்வதை நம் அமுச்சியும் அப்பத்தாவும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஒகேனக்கல் வண்டியைத் தருமபுரியில் நிறுத்துங்கள்

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒரு நாள் பயணம் என்றாலே ஒகேனக்கல்தான். எண்ணெய்த் தேய்ப்பு, பரிசல், மீன் வறுவல் என்று எல்லாம் சரி. அந்த வண்டி தருமபுரி வழியாகத்தான் போகிறது. சேலத்திலிருந்து தருமபுரி சுமார் 65 கி.மீ. அங்கே தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் செலவழித்துவிட்டு அப்புறம் அருவிக்குப் போகலாம். அருவியை விட்டுவிட்டால் இன்னும் நல்லது. மாலைப் பால் கறக்க வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

இங்கே பார்க்க வேண்டியது நடுகல். போரில், குறிப்பாக மாடு பிடிக்கும் சண்டையில், செத்தவனுக்கு ஊர் எடுத்த கல். பழங்காலத்தில் சொத்து என்றால் மாடு. ஒரு ஊரின் மந்தையை இன்னொரு கூட்டம் இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போகும். அதை மீட்கப் போனவன் அம்பு பட்டுச் சாவான். அவன் நினைவாகக் கல் நட்டு, பூப்போட்டு, பொங்கல் வைத்துக் கும்பிட்டார்கள். தருமபுரி, செங்கம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே தொல்லியல் துறை போட்டது.

கல்லின் முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து, பலகையைப் படிக்காமல் முதலில் கல்லையே பார்க்கச் சொல்லுங்கள். வீரன் கையில் வில்லா, வாளா? உடம்பில் எத்தனை அம்பு தைத்திருக்கிறது? சில கற்களில் கீழ் மூலையில் சின்னதாக மாடு இருக்கும், அவன் மீட்ட மந்தைக்கு அடையாளம். சிலவற்றில் காலடியில் ஒரு சொம்பு போன்ற பாத்திரம் இருக்கும். சில கற்களில் வீரனை மேலே அழைத்துப் போகும் பெண்கள் தெரிவார்கள். அவன் வீரசொர்க்கம் போய்விட்டான் என்று பொருள். மந்தைக்கு வந்த புலியோடு மல்லுக்கு நின்று செத்தவனுக்கு எடுத்தது புலிகுத்திக் கல். கொங்குப் பக்கம் அது சாதாரணமாகக் கிடைக்கும்.

எழுத்து இருக்கிற கற்களில் பெரும்பாலும் வட்டெழுத்து. நமக்குப் படிக்க வராது. ஆனால் என்ன எழுதியிருக்கும் என்பது தெரிந்தால் போதும். எந்த ராஜாவின் எத்தனையாவது ஆண்டு, யார் யாருடைய மாட்டைப் பிடித்தது, மீட்கப் போய்ச் செத்தது யாருடைய ஆள், அவன் பெயர் என்ன. சுருக்கமாகச் சொன்னால், போலீஸ் ஸ்டேஷன் புகார் மாதிரி. பெரிய கோயில் கல்வெட்டுகள் ராஜாக்களைப் பற்றிப் பேசும்போது, இங்கே ஒரு மாட்டுக்காரன் பெயர் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறது.

நாய்க்கும் பெயர் நின்றிருக்கிறது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. சுமார் 1,400 வருஷம் பழசு. வீரனுக்குப் பக்கத்தில் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன், அது திருடர் இருவரைக் கடித்தது என்று கல்லில் எழுதியிருக்கிறது. இந்தக் கல் தருமபுரி மியூசியத்தில் இல்லை, அந்த ஊரிலேயே இருக்கிறது. இருந்தாலும் வண்டியில் போகும்போது இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போனால், இறங்கியதும் பிள்ளைகள் கல் கல்லாக நாயைத் தேடி ஓடும்.

தருமபுரி பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிற சாமி பல இடங்களில் இந்த நடுகல்தான். குலதெய்வமாக இருக்கும், மாட்டுக்கு நோய் வந்தால் நேர்ந்துகொள்வார்கள். மாமியாரைக் கட்டாயம் கூட்டிப் போகச் சொல்வது இதனால்தான். காட்சிப்பொருளாக நிற்கும் கல்லைப் பார்த்து அவர் செருப்பைக் கழற்றினால், பிள்ளைகளுக்குப் பலகை சொல்லாத ஒன்று புரியும்.

உங்கள் வரப்பில் ஒரு கல் கிடந்தால்?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட கற்கள் மியூசியத்துக்கு எங்கிருந்து வந்தன? நம் வயலிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும்தான். வராமல் போனவை எத்தனை என்று கணக்கில்லை. துணி துவைக்கும் கல்லாக, வாய்க்கால் மேல் பாலமாக, கட்டுத்தறியில் மாடு கட்டும் கல்லாகக் கிடந்தவை பல. உருவம் கீழ்ப்பக்கம் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது ஜேசிபி வந்தபிறகு அரை மணி நேரத்தில் கரை சமமாகிவிடுகிறது.

உருவமோ எழுத்தோ உள்ள கல் உங்கள் நிலத்தில் இருந்தால், நகர்த்தாமல் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சுண்ணாம்பு, பெயின்ட் அடிக்காதீர்கள்; எழுத்து மூடிப்போகும். வி.ஏ.ஓ.விடமும், அருகில் உள்ள அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமும் சொல்லுங்கள். நிலம் போய்விடும் என்ற பயத்தில் பலரும் வாயைத் திறப்பதில்லை. தனியாகக் கிடக்கும் ஒரு கல்லைப் பெரும்பாலும் வந்து பார்த்து, படியெடுத்து, பதிவு செய்துகொண்டுதான் போவார்கள். கும்பிடுகிற கல் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

காசு, நகை, செப்புச்சிலை கிடைத்தால் கதை வேறு. 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விசாரித்து, 100 வருஷத்துக்கு முந்தியது, உரிமை கோருவோர் யாரும் இல்லை என்றானால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. இருவரும் தங்களுக்குள் பேசி ஒத்துப்போகவில்லை என்றால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. குழி வெட்ட வந்த கூலியாள் கண்டெடுத்திருந்தால் மூன்று பங்கு அவருக்கு! அரசே எடுத்துக்கொண்டால், அந்த உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. ராத்திரியில் வந்து விலை பேசுகிற ஏஜென்ட் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

அரை நாளில் முடிகிற இடங்கள்

பரமத்திவேலூர், மோகனூர்க்காரர்களுக்குக் கரூர் பக்கம். சேரர் தலைநகர் வஞ்சி என்று சொல்லப்படும் ஊர். அமராவதி ஆற்றுமணலில் சேரர் காசும் ரோமாபுரிக் காசும் கிடைத்திருக்கின்றன. அங்கே கிடைத்த காசு ஒன்றில் 'கொல்லிப்பொறை' என்று பெயர் இருக்கிறது. நம் கொல்லிமலையின் பெயர்! ரோமாபுரிக்காரன் நம் நாட்டு மிளகுக்கும் பச்சைக்கல்லுக்கும் காசைக் கொண்டுவந்து கொட்டிய காலம் அது. கரூர் அருங்காட்சியகம் பெரிதல்ல, ஒரு மணி நேரம் போதும்.

திருச்செங்கோடு, பள்ளிபாளையத்துக்கு ஈரோடு அரசு அருங்காட்சியகம் கிட்டம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வ.உ.சி. பூங்காவையும் சேர்த்துக்கொள்ளலாம். சேலம் அரசு அருங்காட்சியகம் பஸ் ஏறிப் போய் மத்தியானத்துக்குள் திரும்பக்கூடியது. முதல் தடவை கூட்டிப் போகிறவர்கள் இங்கே தொடங்குங்கள், பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். திருச்சியில் மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகாலிலேயே மியூசியம் இருக்கிறது. அங்கே உள்ளே இருக்கும் பொருளைவிட எனக்கு அந்தக் கட்டடம்தான் பிடிக்கும்.

கோயம்புத்தூர்: ஒரு நாள் முழுக்க

இதற்கு மட்டும் மாலைப் பாலுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும். சேலத்திலிருந்து போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆனால் விவசாயக் குடும்பம் வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய மியூசியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம். 2018-ல் திறந்தது. 80,000-க்கு மேற்பட்ட பூச்சிகளைப் பதப்படுத்தி, ஊசியில் குத்தி, வகை வகையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சிப் பெட்டி முன்னால் பிள்ளைகள் நிற்பார்கள். பெரியவர்கள் வண்டும் குளவியும் இருக்கிற பக்கம் போங்கள்.

ஒரே மாதிரிப் பூச்சியை எதற்கு இத்தனை சேர்த்து வைக்க வேண்டும் என்று தோன்றும். நம் குச்சிக்கிழங்குக் காட்டில் நடந்ததே அதற்குப் பதில். 2008 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது. 2010-ல் அதற்கென்றே ஒரு ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டபிறகு அடங்கியது. பிறகு 2020-ல் கேரளத்தில் இன்னொரு மாவுப்பூச்சி தென்பட்டு, சேலம், நாமக்கல் பக்கம் வந்து சேர்ந்தது. குருத்து முடங்கி, இலை கொத்துக்கொத்தாகச் சுருண்டு, கிழங்கு வைக்காமல் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். பார்வைக்கு இரண்டும் வெள்ளை மாவுதான். பழைய குளவி புதிய பூச்சிக்கு உதவாது. இது வேறு இனம் என்று கண்டுபிடித்ததே, ஏற்கெனவே சேகரித்து வைத்த பூச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களால்தான்.

அதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்துப் பஞ்சத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனது. அதன் எதிரியைத் தேடித் தென்னமெரிக்கா போய், 1981-ல் பராகுவே நாட்டில் ஒரு குளவியைக் கண்டுபிடித்தார்கள். அந்த அனாகிரஸ் லோபெஸி குளவிதான் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. கடுகளவுகூட இல்லாத பூச்சி. மருந்தடிக்கும்போது அதுவும்தான் சாகிறது. பெட்டிக்குள் ஊசிமுனையில் நிற்கும் சின்னக் குளவிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதைச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்பே தோட்டத்தில் பார்த்த பத்துப் பூச்சியை நோட்டில் வரைந்து எடுத்துவரச் சொன்னால், அங்கே போய்ப் பெயர் கண்டுபிடிக்கும் விளையாட்டாகவும் ஆகிவிடும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வனக்கல்லூரி வளாகத்தில் காஸ் வன அருங்காட்சியகம். 1902-ல் தொடங்கியது. மரத்துண்டுகள், வன விளைபொருள்கள், பாடம் செய்த காட்டெருமை எல்லாம் உண்டு. தேக்கு, வேங்கை, கருங்காலி எது எது என்று மரத்தின் உள்பக்கத்தைப் பார்த்துச் சொல்லப் பழகலாம். வீடு கட்டப்போகிறவர்கள் மரக்கடைக்குப் போவதற்கு முன்னால் இங்கே போய்வருவது நல்லது.

கிளம்பும் முன்

சேலம், ஈரோடு போன்ற அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பள்ளி லீவு நாளாயிற்றே என்று இரண்டாம் சனியன்று போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய. தொல்லியல் துறை, பல்கலைக்கழகம், வனத்துறை இடங்களுக்கு விடுமுறை நாள் வேறு வேறாக இருக்கும். முதல் நாளே போன் செய்து நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி அடையாள அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், கட்டணம் குறையலாம். கட்டுச்சோற்றை மியூசியத்துக்குள் பிரிக்க விடமாட்டார்கள். தருமபுரிக்குப் போகிறவர்கள் வழியில் அதியமான்கோட்டையில் நிழல் பார்த்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் கதையைச் சொல்ல மாமியாருக்கும் அங்கே நேரம் கிடைக்கும்.