கொச்சி - பரம்பிக்குளம் பயணம்: கேரள வனத்திற்குத் தமிழகம் வழியாகச் செல்வது ஏன்?

கொச்சி: பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அமைந்துள்ளது. எனினும், கொச்சியிலிருந்து காரில் செல்லும் சுற்றுலாப் பயணிகள் தமிழகத்திற்குள் நுழைந்தே அதனை அடைய வேண்டியுள்ளது.

செங்குத்தான மலைகளும் அடர்ந்த வனமுமே இதற்குக் காரணம். கொச்சி சமஸ்தானம் 1907இல் பரம்பிக்குளத்திற்கும் சாலக்குடிக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர் நீள வன டிராம் பாதையை அமைத்தது. வெட்டப்பட்ட தேக்கு மரங்கள் அதன் வழியே சாலக்குடிக்கும், அங்கிருந்து ரயிலில் கொச்சிக்கும் கொண்டுசெல்லப்பட்டன. 1963இல் டிராம் சேவை நிறுத்தப்பட்டபின், அத்தடத்தில் சுற்றுலா வாகனங்களுக்கான சாலை உருவாகவில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து புறப்படுவோர் களமசேரி, சாலக்குடி, அதிரப்பள்ளி, மளக்கப்பாறை வழியாகத் தமிழகத்தின் வால்பாறையை அடையலாம். வாழச்சால் - மளக்கப்பாறை வனச்சாலையில் இரவுப் பயணத்திற்கு அனுமதி இல்லை. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் ஆழியாறுக்கு இறங்கி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம் செல்ல வேண்டும். சேத்துமடையில் தமிழக வனத்துறையும், ஆனப்பாடியில் கேரள வனத்துறையும் சோதனைச்சாவடி வைத்துள்ளன.

பயணத்தின் முடிவில் காணக் கிடைப்பது கோடரிக்குத் தப்பிய கன்னிமாரா தேக்கு. 450 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக மதிப்பிடப்படும் இம்மரத்தின் சுற்றளவு சுமார் 7 மீட்டர். மத்திய அரசின் 1994-95ஆம் ஆண்டுக்கான ‘மகாவிருட்ச புரஸ்கார்’ விருதைப் பெற்ற இது, டிராமில் கடலோரம் சென்ற பழங்கால வனத்தின் எஞ்சிய சாட்சியாகும்.